கருணையனின் அழுகை: தேம்பாவணியில் ஒரு மகன் தாய்க்குச் செலுத்தும் நன்றி

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் தாய்மையின் இடம் யாது என்று ஆராயப் புகுவோர், பெரும்பாலும் மரியாளைப்பற்றிய பாடல்களோடு நின்றுவிடுவது வழக்கம். வீரமாமுனிவரை எடுத்துக்கொண்டால், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியும், அதற்குத் திருக்காவலூர் என்று அவர் இட்ட பெயரும், அங்கு எழுந்த அடைக்கல அன்னையின் ஆலயமும், திருக்காவலூர்க் கலம்பகமும், அன்னை அழுங்கல் அந்தாதியும் உடனே நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் ஆராயத்தக்கவையே. ஆயினும், சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த நமக்கு இவற்றை வாசிக்கும்போது ஒரு தயக்கம் உண்டு. அன்னையை வேண்டுதல்பற்றிய நம் கருத்து வேறு. ஆகவே கவிதையின் சுவையை நுகர்வதற்குமுன் கோட்பாட்டின் வாயிலில் நாம் நின்றுவிடுகிறோம். இக்கட்டுரையில் அவ்வாயிலை விட்டுவிட்டு, வேறொரு தாயை நாடிச் செல்ல விரும்புகிறோம். அவள் எலிசபெத்து. தேம்பாவணியில் அவளுடைய மரணத்தின்போது மகன் புலம்பும் பகுதியே நம் ஆய்வுக்குரியது.

நூலைப்பற்றிச் சில குறிப்புகள் போதும். இத்தாலி நாட்டில் மாந்துவாவை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்த கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி, இயேசு சபைக் குருவாக 1710ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை, 1747இல் மறைந்தார். அவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் உடைய பெருங்காப்பியம். அதன் தலைவன் இயேசுவை வளர்த்த யோசேப்பு. வளன் என்பது முனிவர் அவருக்கு இட்ட தமிழ்ப்பெயர். பெற்ற தந்தையல்லாத வளர்த்த தந்தையைத் தலைவனாகக் கொண்ட காப்பியத்தில் வளர்ப்பின் அருமை பேசப்படுவதில் வியப்பில்லை.

யோவான் ஸ்நானனுக்கு அவர் இட்ட பெயர் கருணையன். இது ஓசையைத் தழுவிய பெயரன்று, பொருளைத் தழுவியது. யோவான் என்னும் எபிரெயப் பெயர் கர்த்தர் கிருபையுள்ளவர் என்னும் பொருளுடையது என்பதை மாணவர் அறிவர். லூக்கா முதலாம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் மற்றொன்றும் புலப்படும். பிள்ளைக்குச் சகரியா என்று பெயரிடவேண்டுமென உறவினர் வற்புறுத்தியபோது, அதை மறுத்து யோவான் என்னும் பெயரை முதலிற் சொன்னவள் தாய் (1:60). தந்தை எழுத்துப்பலகையில் எழுதியது அதற்குப் பின்னரே. ஆகவே கருணையன் என்று முனிவர் அழைக்குந்தோறும், ஒரு தாயின் வாயில் முதலிற் பிறந்த பெயரையே அவர் தமிழாக்கி ஒலிக்கிறார் எனலாம்.

காட்சி இது. கருணையன் தாயோடு கானகத்தில் வாழ்ந்து வருகிறான். தாய் இறந்துவிடுகிறாள். உறவினரில்லை, அடக்கத்திற்குத் துணை நிற்க ஊருமில்லை. மகனே குழியில் மலர்ப்படுக்கை பரப்பி, பூப்போன்ற கைகளைக் குவித்து, அன்போடு காத்துக்கொள் என்று நிலத்தை வேண்டி, அறங்களையெல்லாம் தன்னுள் அடக்கிவைத்திருந்த அவ்வுடலை அதில் அடக்கம் செய்கிறான். மேலே மலரும் கண்ணீரும் ஒருங்கே சொரிகின்றன. பின்பு புலம்பல் தொடங்குகிறது.

நற்செய்தியில் இது இல்லையே என்ற கேள்வி நம் வகுப்பறையில் ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது, எழவேண்டியதும்தான். எலிசபெத்தின் மரணத்தைப்பற்றி லூக்கா ஒன்றும் கூறவில்லை. திருமறைத் தொகுதியிற் சேராத யாக்கோபின் முதல் நற்செய்தி, ஏரோதுக்கு அஞ்சி அவள் பிள்ளையோடு மலைநாட்டுக்கு ஓடியதாகவும், மலை பிளந்து அவர்களை ஏற்றுக்கொண்டதாகவும் கதை சொல்லும். முனிவர் தம் காப்பியத்திற்கு ஆகிரேத நகர் மரியாள் என்னும் ஸ்பானியக் கன்னித்துறவியின் நூலைப் பெரிதும் துணையாகக் கொண்டவர். வேதமே அளவுகோல் என்று கொள்ளும் நாம் இவற்றின்மேல் உபதேசம் கட்டுவதற்கில்லை. ஆயினும் லூக்கா இரண்டு செய்திகளை ஐயத்திற்கிடமின்றித் தருகிறார். பிள்ளை பிறக்குமுன்னரே தாயும் தந்தையும் வயதுசென்றவர்கள் (1:7). பிள்ளை வளர்ந்து, வெளிப்படும் நாள்வரைக்கும் வனாந்தரங்களில் இருந்தான் (1:80). இவ்விரண்டு வசனங்களுக்கும் இடையே ஓர் இளைஞன் பெற்றோரை அடக்கம்செய்த துயரம் மறைந்து கிடக்கிறது என்று எண்ணுவது வலிந்து கொள்ளும் பொருளாகாது. நற்செய்தியாளர் வாளா விட்ட இடத்தில் கவிஞர் அழுதிருக்கிறார். கோட்பாட்டுக்கு அதனால் ஊறில்லை.

இனிப் பாடல்களுக்கு வருவோம். தாயின் மெய்யான சொற்களே எனக்கு மழையாயிருந்தன என்கிறான் மகன். அவள் மார்பில் ஒரு மணிபோல் அசைந்து உள்ளங்குளிர வாழ்ந்தேன். இன்றோ துளியின்றி, மணி முற்றுமுன் வாடிப்போகும் இளம்பயிர்போல் காய்ந்தேன் என்கிறான். இவ்வுவமையின் ஆற்றலை நூலறிவால் மட்டும் உணர்ந்துவிட முடியாது. பெரம்பலூர்ப் பகுதியில் வானம்பார்த்த நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடும்பங்களிடையே ஊழியம் செய்வோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. விதைத்த வித்து முளைக்காமற் போவது ஒருவகை இழப்பு. முளைத்து, வளர்ந்து, கதிர்வாங்கும் தறுவாயில் மழை பொய்ப்பது வேறுவகை. முன்னதில் விதைதான் போயிற்று. பின்னதில் உழைப்பும் நம்பிக்கையும் கண்ணெதிரே நின்று கருகும். முனிவர் பின்னதையே எடுத்தாள்கிறார். தாயை இழந்த மகன் பயனற்றவனல்லன், பாதி வளர்ந்தவன். அவள் வளர்த்தது அவனுள் நிற்கிறது, ஆனால் முற்றவில்லை. இத்தாலியிற் பிறந்த ஒருவருக்கு இவ்வுவமை எங்கிருந்து கிடைத்தது என்பதற்குக் கொள்ளிடத்தின் வடகரையில் அவர் வாழ்ந்த வாழ்வே போதிய விடை.

அடுத்து உவமைகள் விரைந்து வருகின்றன. கிளையினின்று கொய்த மலர், நச்சு அம்பு தைத்த புண், துணை பிரிந்த பறவை, வழுக்கும் சரிவில் வழியறியாது தனித்து நிற்பவன் என ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. இவற்றில் முதல் மூன்றும் தமிழ்ப் புலவர் பலர் கையாண்டவை. இங்கே அவற்றுக்குத் தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. துணை பிரிந்த பறவை காதலர்க்கே பொருந்துவது. மகனுக்கு அது சற்று ஒட்டாமலே நிற்கிறது. நான்காவது மட்டும் வேறு. வழுக்கு நிலத்தில் நடக்கப் பிள்ளைக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை போயிற்று என்று கவிஞர் இங்கே சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கு அதை வைத்திருக்கிறார்.

அந்த அடுத்த பாட்டே இப்பகுதியின் உயிர்நிலை. அதில் உவமையே இல்லை. பிழைக்கும் முறை எனக்குத் தெரியாது, இவ்வுடம்பின் இயல்பு எனக்குத் தெரியாது, உடம்பு வேண்டும் உணவைத் தேடும் வகை தெரியாது, காட்டில் செல்லும் வழி தெரியாது என்று அறியாமைகளை ஒன்றன்பின் ஒன்றாக மகன் எண்ணுகிறான். பிறகு, தான் அறிந்தது ஒன்றே ஒன்று என்கிறான். அது தாயின் கை காட்டிய முறை. அவளும் தன்னைத் தனியே விட்டுப் போனாள் என்று முடிக்கிறான்.

தாயைப் புகழும் பாடல்கள் தமிழில் ஏராளம். அவற்றுள் தலைசிறந்தவை பட்டினத்தார் தம் தாயின் ஈமத்தின் அருகே பாடியவை என்பதில் கருத்துவேறுபாடு இராது. அங்கே மகன் தாய் செய்தவற்றை எண்ணுகிறான்: சுமந்தாள், பெற்றாள், தாலாட்டினாள், ஊட்டினாள். அப்படிப்பட்டவளுக்கோ நான் தீ மூட்டுவது என்று நெஞ்சு வெடிக்கிறான். அங்கு நன்றி என்பது பெற்ற கடனின் கணக்கு. வீரமாமுனிவர் அக்கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார். கருணையன் தாய் செய்த ஒன்றையேனும் அப்பாட்டில் எண்ணவில்லை. தன்னால் செய்ய இயலாதவற்றை எண்ணுகிறான். ஒவ்வொரு ‘அறியேன்’ என்னும் சொல்லுக்குப் பின்னாலும் அவள் நாள்தோறும் செய்துவந்த ஒரு வேலை இருக்கிறது. உணவு தேடும் வகை தெரியாது என்றால், இதுவரை தேடியவள் அவள். வழி தெரியாது என்றால், முன்னே நடந்தவள் அவள். செய்தபோது கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, நின்றபோதுதான் தெரிகிறது. வளர்ப்பு என்பதன் இயல்பே அது. பெற்றெடுத்ததை எல்லாரும் சொல்லிக்காட்டுவர்; வளர்த்ததைச் சொல்வது கடினம், ஏனெனில் அது நம்முடைய திறமையாகவே நமக்குத் தோன்றிவிடுகிறது.

இங்கே நம் நினைவுக்கு வரவேண்டியது ஓசியா பதினோராம் அதிகாரம். எப்பிராயீமை நடக்கப் பழக்கி, கைபிடித்துத் தாங்கி, குனிந்து உணவூட்டிய இறைவனை அங்கே காண்கிறோம். அந்த அதிகாரத்தைத் தந்தையின் அன்பு என்ற தலைப்பிலேயே பிரசங்கிப்பது நம் வழக்கம். ஆனால் அங்கே கூறப்படும் வேலைகள் அக்காலத்திலும் இக்காலத்திலும் பெரும்பாலும் தாயர் செய்பவை. தீர்க்கதரிசியின் முறையீடும் அறியாமையைப்பற்றியதே: தங்களைக் குணமாக்கியவர் யார் என்பதை அவர்கள் அறியாமற்போனார்கள் (11:3). எப்பிராயீமின் அறியாமை நன்றிகேடு. கருணையனின் அறியாமை நன்றி. முன்னவன் தானே நடந்ததாக எண்ணுகிறான். பின்னவன், பிடித்த கை இல்லாவிட்டால் தனக்கு நடை இல்லை என்கிறான். முனிவர் ஓசியாவை மனத்திற்கொண்டே பாடினார் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் ஓசியாவைப் பிரசங்கிக்க விரும்பும் தமிழ் ஆயருக்கு இப்பாடலைவிடச் சிறந்த விளக்கவுரை எளிதிற் கிட்டாது.

குறையையும் சொல்லவேண்டும். மழையுவமைப் பாட்டில் அடிதோறும் ‘மணி’ என்னும் சொல் வெவ்வேறு பொருளில் வருகிறது. இறுதியில் மரங்களும் சுனைகளும் மகனோடு சேர்ந்து அழுவதுபோல் ஒலிக்கும் பாட்டிலும் அச்சொல்லே நான்கடியிலும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. காப்பியப் புலமைக்கு இது அழகு. தொன்னூல் விளக்கம் இயற்றிய இலக்கண ஆசிரியருக்கு இத்தகைய கட்டுப்பாடு விளையாட்டு. ஆனால் பிணத்தருகே நிற்பவன் சொல்விளையாட்டில் ஈடுபடுவானோ என்ற ஐயம் வாசகருக்கு எழாமலிராது. சில இடங்களில் கருணையன் பின்வாங்கி, புலவர் முன்வந்து நிற்கிறார். உவமையற்ற அந்த ஒரு பாட்டு நம்மை இவ்வளவு தாக்குவதற்கு, அதன் இருபுறமும் நிற்கும் பாட்டுகளின் அணிச்சுமையும் ஒரு காரணம். மேலும், எலிசபெத்தை அறங்களின் கொள்கலம் என்று புகழும்போது முனிவர் ஒரு தவமகளைக் காட்டுகிறார்; கிழங்கு அகழ்ந்து, நீர் சுமந்து, பிள்ளைக்குப் பாதை காட்டிய முதியவளை மகனின் அறியாமை வழியாகவே நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முனிவருடைய தாயாரின் பெயரும் எலிசபெத்து என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். முப்பது வயதில் நாட்டைவிட்டுப் புறப்பட்டு, திரும்பாத மகன் அவர். ஆகவே இப்புலம்பல் அவருடைய சொந்தத் துயரமே என்று சிலர் முடிவுகட்டக் கூடும். அப்படி விரைய வேண்டா. பாத்திரத்தின் பெயர் லூக்காவிலிருந்து வந்தது, கவிஞரின் இல்லத்திலிருந்தல்ல. கவிதையைக் கவிஞரின் வாழ்க்கையால் விளக்குவது எளிதான வழி. எளிதாயிருப்பதாலேயே அதில் எச்சரிக்கை வேண்டும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. இதே முனிவர் 1728இல் வேதவிளக்கம் எழுதித் தரங்கம்பாடி லுத்தரன் ஊழியரைக் கடுமையாகச் சாடியவர்; லுத்தேரினத்தியல்பு என்ற நூலின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்குவின் வழிவந்தவர்கள் அவர் கண்ணுக்கு வேதப்புரட்டராகத் தோன்றினர். நம் முன்னோரும் அவருக்கு இனிய மொழியில் விடையளித்ததில்லை. இதனால் நம்மவர் தேம்பாவணியை நெடுங்காலம் அவர்களுடைய நூல் என்றே ஒதுக்கிவைத்தனர். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட சிலைகளில் வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பையரும் ஒரே சாலையில் நிற்கின்றனர். நம் நூலகத் தட்டுகளில் அவர்கள் இன்னும் அப்படி நிற்பதாகத் தெரியவில்லை. 2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கருணையனின் புலம்பல் இடம்பெற்றது. எல்லாச் சமயப் பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்தனர். இறையியல் கல்லூரிக்கு வரும் மாணவர் சிலர் நமக்கு முன்னரே அதை அறிந்திருப்பதன் காரணம் இதுதான்.

இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் உண்டு. ஆயரின் பணியில் அடக்க ஆராதனை பெரும்பகுதி. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிராமங்களில் தாய் ஒருத்தி இறந்தால் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பது பழைய வழக்கம். நம் ஆயர் பலர் அதை அவிசுவாசத்தின் அடையாளமென்று அடக்கிவிட்டனர். நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கியாதிருங்கள் என்னும் பவுலின் அறிவுரை (1 தெசலோனிக்கேயர் 4:13) துக்கியாதிருங்கள் என்று சுருங்கிப்போயிற்று. பவுல் தடுத்தது நம்பிக்கையின்மையை, கண்ணீரையன்று. இலாசருவின் கல்லறையண்டை ஆண்டவர் அழுததை யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

திருச்சபை வரலாற்றில் இத்தயக்கம் பழமையானது. அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காளின் கண்களை மூடியபின் அழுகையை வலிந்து அடக்கினார்; அழுத தம் மகனையும் அங்கிருந்தவர் அடக்கினர். அடக்கம் முடிந்து, நீராடி, உறங்கி எழுந்த பின்னரே தனிமையில் கண்ணீர் வடித்தார்; அதற்காகவும் வாசகரிடம் ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கிறார். அறிக்கைகளின் ஒன்பதாம் புத்தகத்தில் இதைப் படிப்போர், பேரறிஞர் ஒருவர் தாய்க்காக அழுவதற்கும் நியாயம் தேடவேண்டியிருந்ததே என்று இரங்குவர். வீரமாமுனிவரின் கருணையனுக்கு அத்தயக்கம் இல்லை. வரப்போகிறவருக்கு வழியை ஆயத்தம்பண்ணும் தீர்க்கதரிசி அவன், தவத்தில் வளர்ந்தவன், ஆண்மகன். அவன் வாயில் முனிவர் வைத்தது, நம் கிராமப் பெண்கள் மாரடித்துப் பாடும் ஒப்பாரியின் அதே போக்கு: இனி நான் எப்படிப் பிழைப்பேன், எனக்கு என்ன தெரியும், என்னை விட்டுப் போனாயே. ஒப்பாரியைக் காப்பிய நடைக்கு உயர்த்தி, அதை ஒரு பரிசுத்தவானின் வாயில் ஏற்றிய பெருமை வீரமாமுனிவரைச் சாரும்.

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நம் சபைகளிலும் அன்னையர் ஞாயிறாக வழங்கத் தொடங்கியிருக்கிறது. அது அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிராப்டன் என்னும் ஊரின் மெதடிஸ்து ஆலயத்தில், 1908ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் ஆனா ஜார்விஸ் என்ற மகள் தன் தாயின் நினைவாக ஏற்பாடு செய்த வழிபாட்டில் தொடங்கியது. பிற்காலத்தில் அதே ஜார்விஸ் அந்நாள் வாழ்த்து அட்டை வணிகமாக மாறியதைக் கண்டு வெகுண்டு, அதை எதிர்த்தே தம் நாட்களைக் கழித்தார். அன்று நம் பிரசங்க பீடங்களில் கேட்பது பெரும்பாலும் பட்டினத்தாரின் கணக்கு. அதுவும் அவருடைய நெருப்பில்லாமல். தியாகம், பொறுமை, தெய்வம் என்னும் சொற்கள் குவிகின்றன. உட்கார்ந்திருக்கும் தாயர் அன்று மாலையும் தண்ணீர்க் குடத்தைத் தாமே சுமக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, தனக்கு இன்னின்னது தெரியாது, அது அவர்களால் நடக்கிறது என்று எந்த மகனும் சபை நடுவில் எண்ணிச் சொல்லி நாம் கேட்டதில்லை.

அடக்க ஆராதனைக்கு ஆயத்தமாகும் இளம் ஆயர்களுக்கு நாம் சொல்வது இது: இறந்த தாயின் பிள்ளைகளிடம் அவளுடைய நற்குணங்களைக் கேட்காதீர்கள். நாளை காலையில் வீட்டில் எது நடக்காது என்று கேளுங்கள். அடுப்பும், ஆடும், அரைகுறையாய்ப் படித்துக்கொண்டிருக்கும் கடைசிப் பிள்ளையும் அப்போது வெளியே வரும். அவையே பிரசங்கத்திற்குரிய பொருள்.

காப்பியத்திலிருந்து மீண்டும் நற்செய்திக்குச் சென்றால் ஒரு வசனம் புதிதாய்த் தெரிகிறது. உணவு தேடும் வகை அறியேன் என்று கானகத்தில் கதறிய அதே கருணையனை மாற்கு நமக்கு வளர்ந்த மனிதனாக அறிமுகப்படுத்துகிறார். ஒட்டகமயிர் உடையும் இடையில் வார்க்கச்சையும் தரித்து, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்கிறவனாக அங்கே அவன் நிற்கிறான் (1:6). எந்தத் தேனடையில் கைவைக்கலாம், எந்தப் பூச்சியை உண்ணலாம் என்பது வனாந்தரத்தில் தானே வந்துவிடும் அறிவன்று. விளக்கவுரைகள் அவ்வுணவை எலியாவோடும் லேவியராகமத்தின் சுத்த உணவுச் சட்டத்தோடும் ஒப்பிட்டு நின்றுவிடுகின்றன. அவனுக்கு அதை உண்ணக் கற்பித்தவர் யார் என்று அவற்றுள் ஒன்றும் கேட்டதாக நாம் கண்டதில்லை.